வானம் பார்த்து வழி தேர்தல்

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லேக் டிஸ்ட்ரிக்டில் வெயிலை நம்பி விடுமுறைக்குத் தேதி குறிப்பது வீண். அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. பெய்கிறது, சில மைல் தள்ளியுள்ள கெஸிக்கில் அதில் பாதிகூட இல்லை. வானிலை அங்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறுகிறது. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனின் உண்மையான பயன் இங்கேதான்: அன்றைய நடையைக் காலையில் வானத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம். மேகம் இறங்கியிருந்தால் ஏரிக்கரை. தெளிந்திருந்தால் 978 மீட்டர் உயர ஸ்காஃபெல் பைக் சிகரம்.

மழை நாளில் கேரவனுக்குள் அடைந்துகிடக்கவா இத்தனை செலவு என்று கேட்கலாம். நனைந்த கூடாரத்தில் எதுவும் உலராது. கேரவனில் அடுப்பும் உலர்ந்த படுக்கையும் இருப்பதால் மறுநாளும் தெம்பாக நடக்க முடியும். குறுகிய சாலைகளை அது அடைத்துக்கொள்கிறது என்ற குறை வலுவானது. ஹார்ட்நாட் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் கேரவனை இழுத்துப்போகவே கூடாது. முகாமில் நிறுத்திவிட்டுப் பேருந்திலும் கால்நடையாகவும் போவதே முறை. ஒன்றை எந்த வண்டியும் மாற்றாது: ஏறும் ஒவ்வொரு 150 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். கீழே இதமாக இருந்தாலும் மழைச்சட்டையும் வரைபடமும் பையில் இருக்கவேண்டும். மேகம் சூழ்ந்தால் உச்சியை எட்டாமலே திரும்பிவிட வேண்டும்.