கற்பிக்கச் செல்பவர் கற்றுக்கொள்ளும் பாடம்



பெங்களூரில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆன தமிழர் பலருடைய நாவில் கன்னடம் வீட்டு மொழியைப் போலவே புரளுகின்றது. அந்தக் கன்னடத்தை, பிழைப்புத் தேடி இந்நகருக்குப் புதிதாக வந்திருக்கும் ஒடிசா, வங்காளத் தொழிலாளருக்கு வாரம் ஒரு மாலை கற்றுக்கொடுக்க உங்களை அழைத்தால் என்ன சொல்வீர்கள்?

"எனக்கு இலக்கணம் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். அவர்களுக்கு உடனே வேண்டியது இலக்கணம் அன்று. மருத்துவர் "எல்லி நோவு?" என்று வினவும்போது வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்; வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்னே "சம்பள எஷ்டு?" என்று கேட்கத் தெரிய வேண்டும். இவ்விரண்டும் தெரியாதவருடைய உடல்நலமும் உழைப்பின் பயனும் பிறர் கையில் அல்லவா இருக்கின்றன?

ஆனால் வகுப்பில் நின்றதும், முதற்பாடம் உங்களுக்கே காத்திருக்கும். நமது பால் கன்னடத்தில் ஹாலு; புலி, ஹுலி; பத்து, ஹத்து. பழங்கன்னடத்தில் பகரமாய் இருந்த ஒலி பிற்காலத்தில் ஹகரமாக மாறியதே இதன் காரணம். இந்த உறவினால்தான் நாம் கன்னடத்தை விரைவில் கற்றோம். நம்முடைய கூர்மதி மாத்திரம் அதற்குக் காரணம் அன்று. வங்காளத்திலிருந்து வந்தவருக்கு இந்தக் கைப்பிடி கிடையாது. ஆகவே அவரை மந்தமானவர் என்று எண்ணுவது நியாயமாகாது.

"அவனு", "அவளு" என்பவற்றை அவர்கள் மாற்றிச் சொல்லும்போது சிரிப்பு வரலாம். வங்காளியிலும் ஒடியாவிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஒரே சொல்லே வழங்குகின்றது என்பதை அறிந்தால் அச்சிரிப்பு அடங்கிவிடும். ஆனால் நீனு, நீவு என்னும் வேறுபாட்டை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வங்காளியில் தூய், துமி, ஆப்னி என மூன்று படிகள் இருக்கின்றன. மரியாதையை அவர்கள் நன்கு அறிந்தே வந்திருக்கிறார்கள்.

அவர்களிடம் நீங்களும் பத்துச் சொற்கள் கேட்டுப் பழகுங்கள். நாம் 'க' என்னும் ஒரே எழுத்தால் குறிப்பதை அவர்கள் நான்கு எழுத்துகளால் வேறுபடுத்துவார்கள். அப்பொழுது தடுமாறுகிறவர் நீங்கள், சிரிக்கிறவர் அவர்கள். வகுப்பின் கூச்சம் பெரும்பாலும் அங்கேதான் கலையும்.

மற்றொரு எச்சரிக்கை. வருகைப் பதிவேட்டில் எல்லாருடைய தாய்மொழியையும் 'இந்தி' என்று எழுதிவிடாதீர்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் சந்தாலி பேசுகிறவராய் இருக்கக்கூடும். அம்மொழிக்கென 1925-இல் பண்டித ரகுநாத் முர்மு 'ஒல் சிக்கி' என்னும் எழுத்தை உருவாக்கினார். 2003-இல் நிறைவேறிய 92-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சந்தாலியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. தமிழர், தெலுங்கர், மலையாளி அனைவரும் வடக்கே 'மதராசி' என்று அழைக்கப்பட்டபோது நமக்கு எப்படி இருந்தது? அதே காயத்தை நாம் மற்றவர்மேல் சுமத்தலாமா?

இடைவேளையில் உணவைப்பற்றி விசாரியுங்கள். நமது பழைய சோறு ஒடிசாவில் 'பகாள'; வங்காளத்தில் 'பாந்தா பாத்'. வெயிலில் உழைத்தவனுக்கு நீரூற்றி வைத்த சோறு தரும் குளிர்ச்சியை நம் பாட்டிமார் மாத்திரமல்ல, அவர்களுடைய பாட்டிமாரும் அறிந்திருந்தார்கள்.

நாமும் இந்நகரில் அந்நியராய் இருந்தவர்களே. 1991-இல் காவிரிப் பிரச்சினையின்போது இங்கு தமிழர் அஞ்சி ஒடுங்கிய நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. சிலைகள் திறக்க அரசுகள் வேண்டும்; பக்கத்து வீட்டாரிடம் வாய் திறக்க நாம் போதும்.

நீங்கள் மும்பையிலோ தில்லியிலோ வாழ்ந்தாலும் இது பொருந்தும். அந்நாட்களில் கடைவீதியில் சொல் கிடைக்காமல் நின்ற உங்களுக்கு யாரோ ஒருவர் பொறுமையாய் ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தக் கடனை அவருக்கே திருப்பிச் செலுத்துவது அரிது. அடுத்து வந்தவருக்குச் செலுத்தலாம். வரும் வாரத்தில், உங்கள் தெருவில் கட்டடம் எழுப்புகிற ஒருவரிடம் "ஊட்ட ஆயித்தா?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டாயிற்றா என்னும் அந்தக் கேள்வியிலிருந்தே வகுப்பு தொடங்கட்டும்.