விளையாட்டுச் சந்தை கற்பிக்கும் பாடம்

பங்குகளின் விலை ஏன் வெறிகொண்டு ஏறுகிறது, பின் ஏன் திடீரெனச் சரிகிறது? உண்மைச் சந்தையில் இதற்கு விடை காண்பது அரிது. பங்கின் மெய்யான மதிப்பு இன்னதென்று அங்கே எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆகவே, மதிப்புத் தெளிவாகத் தெரிந்த ஒரு சந்தையை ஆய்வுக்கூடத்திலே அமைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வெர்னான் ஸ்மித்தும் அவருடைய தோழர் இருவரும் அவ்வாறே செய்து, 1988-இல் முடிவுகளை வெளியிட்டனர். சிலரைக் கணிப்பொறித் திரைகளின் முன் அமர்த்தி, ஆளுக்குச் சிறிது பணமும் சில பங்குகளும் தந்தனர். வியாபாரம் 15 சுற்று நடைபெறும். சுற்றுதோறும் ஒரு பங்குக்கு 0, 8, 28, 60 சென்டு ஆகிய நான்கில் ஒன்று குலுக்கல் முறையில் ஈவுத்தொகையாகக் கிடைக்கும். சராசரி 24 சென்டு. எனவே தொடக்கத்தில் பங்கின் மதிப்பு 3 டாலர் 60 சென்டு. சுற்றுக்கு 24 சென்டாகக் குறைந்து, முடிவில் ஒன்றுமில்லாததாகிவிடும். ஈட்டிய லாபம் ரொக்கமாகவே வழங்கப்பட்டது. விதிகளில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

எனினும் நடந்தது என்ன? விலை மதிப்பைக் கடந்து ஏறிற்று. முடிவு நெருங்கியதும் சரிந்து வீழ்ந்தது.

இதே விதிகளுடைய ஆட்டமொன்றில் நானும் அமர்ந்ததுண்டு. சென்டுக்குப் பதிலாக எங்களுக்குக் காசு. பத்தாம் சுற்றுத் தொடக்கத்தில் மதிப்பு 144 காசு என்று தாளில் எழுதி வைத்துவிட்டு, 300 காசுக்கு ஒரு பங்கு வாங்கினேன்! அடுத்த சுற்றில் வேறொருவர் 350 கொடுப்பார் என்று நம்பினேன். அந்த வேறொருவர் வரவேயில்லை.

என் குற்றம் அறியாமையன்று. பிறருடைய பேராசையின்மேல் நான் வைத்த நம்பிக்கையே குற்றம். நேயர்களே, கணக்குத் தெரிந்திருப்பது மட்டும் நம்மைக் காப்பதில்லை.

அனுபவம் காக்குமா? ஓரளவு காக்கும். அதே குழுவினர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஆடுகையில் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. ஆனால், ஸ்மித்தும் வேறு இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பணப்புழக்கத்தையும் ஈவுத்தொகையின் ஏற்றத்தாழ்வையும் பெருக்கியபோது, பழகியவர்களிடையேயும் வீக்கம் மீண்டும் தலைதூக்கிற்று. சூழ்நிலை மாறினால் பழைய பாடம் மறந்துபோகிறது.

சோதனைவழிப் பொருளாதார ஆய்வுக்காக ஸ்மித்துக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அந்த ஆட்டத்தில் கிடைத்தது ஒரு கேள்வி: “இதை மறுபடி விற்கவே இயலாது என்றால், இந்த விலைக்கு வாங்குவேனா?” சேமிப்பைப் பங்கில் இடுமுன் இதை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.