பாவிக்காமல் விட்ட இரண்டாவது விருப்பு

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் முடிந்து, இரண்டாம் சுற்று எண்ணப் போகிறார்கள் என்று மறுநாள் அறிவித்ததும் எங்கள் ஒழுங்கையில் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "திரும்பவும் போய் வோட்டுப் போடவேணுமோ?"

தேவையில்லை. இலங்கையில் இரண்டாம் சுற்று என்பது புதிய வாக்களிப்பு அல்ல, போட்ட சீட்டையே இன்னொருமுறை பார்ப்பது. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். அதனால் இந்த ஏற்பாடு சட்டப் புத்தகத்துக்குள்ளேயே நித்திரை கொண்டது.

விசயம் சுலபம். பிடித்தவருக்கு 1 போடலாம். விரும்பினால் இன்னும் இருவருக்கு 2, 3 போடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை எடுத்து, அதில் 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அது முதல் இருவரில் ஒருவருக்கு என்றால் அவருடைய கணக்கில் சேரும். இல்லையென்றால் 3 ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டுக்கு முடிவில் பங்கில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மீதி 36 பேருக்கும் விழுந்தது கிட்டத்தட்ட 33 இலட்சம். அந்த 33 இலட்சத்திலிருந்து அநுரவுக்கு வந்து சேர்ந்த விருப்புகள் 1,05,264. சஜித்துக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2,73,131. நூறு சீட்டுக்கு எட்டுத்தான்! மற்ற 92 சீட்டும் அந்தக் கட்டத்தில் வாய் திறக்கவில்லை.

ஏன்? பிரசார காலத்தை யோசித்துப் பார்க்கிறேன். சந்தைக்குப் போனால் வெங்காய விலை, கடைக்குப் போனால் மின்சார பில், இடையில் சின்னங்களின் பகிடி. ரணிலுக்குக் காஸ் சிலிண்டர் சின்னம். 2022 இல் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற சனத்துக்கு அதைவிடப் பகிடி என்ன வேணும்? திசைகாட்டி, ரெலிபோன், சங்கு என்று ஓட்டோ ஸ்பீக்கரில் ஒவ்வொன்றாகப் போகும். ஆனால் என் காதில் விழுந்த ஒரு ஸ்பீக்கராவது "இரண்டாவது விருப்பை எங்களுக்குப் போடுங்கோ" என்று கேட்கவில்லை. கேட்டால் தாங்கள் முதலாவதாக வரமாட்டோம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. சங்குச் சின்னத்தில் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார். அவருடைய தமிழரசுக் கட்சியோ சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தது. இன்னொரு பக்கம் புறக்கணிக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு வாக்குவாதம். மாமி சங்கு, மருமகன் ரெலிபோன், ஒரே மேசையில் சாப்பாடு.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார்: "சங்குக்கு ஒண்டு, இன்னொருத்தருக்கு ரெண்டு எண்டு போட்டால் எங்கட செய்தி நீர்த்துப்போயிடும் தம்பி."

அவருடைய உணர்வை மதிக்கிறேன். ஆனால் கணக்கு அப்படி இல்லை. சங்குக்குக் கிடைத்த 2,26,343 வாக்கும் முதல் எண்ணிக்கையில் பதிவாகி முடிந்துவிட்டன. அவ்வளவு பேரும் கீழே 2 போட்டிருந்தாலும் அதில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. சங்கு நீக்கப்பட்ட பிறகுதான் இரண்டாவது விருப்பையே திருப்பிப் பார்ப்பார்கள். ஆக, "எங்கள் நிலைப்பாடு இது" என்று 1 இல் சொல்லிவிட்டு, "வரப்போகும் இருவரில் இவர் பரவாயில்லை" என்று 2 இல் சொல்லலாம். ஒன்றைச் சொல்ல மற்றதைக் கைவிடத் தேவையில்லை. நான் இரண்டையும் போட்டேன். யார் யாருக்கு என்பது எனக்கும் அந்த அட்டைப் பெட்டி மறைப்புக்கும் தெரியும்.

முடிவு மாறியிருக்குமா? அந்த 33 இலட்சத்தில் பத்துக்கு ஏழாவது சஜித்துக்குப் போயிருந்தால்தான் மாறியிருக்கும். அது நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. என் கவலை வேறு. 2005 இல் மகிந்தவும் ரணிலும் 2 இலட்சத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் பிரிந்தார்கள். அன்று புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பேர்தான் வாக்களித்தார்கள். அப்படி இறுக்கமான தேர்தல் இன்னொருமுறை வந்தால், சங்குக்கு விழுந்த அளவு சீட்டுகளே ஜனாதிபதியைத் தீர்மானிக்கலாம்.

அடுத்தது 2029 இல் வரவேண்டும். கட்சிகள் விளக்கும் என்று காத்திருந்து பிரயோசனமில்லை. பாடசாலையில், வாசிகசாலையில், சாப்பாட்டு மேசையில் நாங்களே சொல்லிக்கொடுக்கலாம். வெறும் புள்ளடி போட்டாலும் முதல் விருப்பாக எடுப்பார்கள். ஆனால் 2, 3 போட நினைப்பவர் 1 என்று இலக்கத்திலேயே தொடங்கட்டும். ஒருவருக்கும் இரண்டாவது விருப்பு இல்லை என்று யோசித்து முடிவெடுத்து வெறுமையாக விட்டால் அது உங்கள் உரிமை. தெரியாமல் விட்டால் மட்டும்தான் நட்டம்.