மலாயாவுக்கு வந்த முன்னோரைத் தேடி

பினாங்குத் தீவின் தென்கிழக்கே, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு எதிரே கடலில் தெரியும் ஜெரெஜாக் தீவு, ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த தமிழரைத் தொற்றுநோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்த இடமாகும். அங்கே இறங்கியவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று, தங்கள் வம்சத்தின் பூர்வீகம் எந்தக் கிராமம் என்று அறிய விரும்புகிறார்கள். அந்த விருப்பம் மிகவும் நியாயமானது.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால அமெரிக்காவில் குடியேறியவரின் சந்ததியார்க்கு இவ்விஷயத்தில் வசதிகள் அதிகம். 1620-இல் ‘மேஃபிளவர்’ கப்பலில் சென்ற 102 பிரயாணிகளில் பலரின் வம்சத்தை ஊர்ப் பதிவேடுகளையும் தேவாலயக் குறிப்புகளையும் கொண்டு இன்றும் தொடரலாம். 1879 முதல் 1916 வரை ஃபிஜிக்குச் சென்ற நம்மவர்க்கோ, பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, அங்க அடையாளம் ஆகியவற்றைத் தாங்கிய தனித்தனிச் சீட்டுகள் இருந்தன. மலாயாவில் 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின், கங்காணி எனப்படும் மேற்பார்வையாளரைக் கொண்டு ஆள் திரட்டும் முறையே ஓங்கி நின்றது. அதன்வழி வந்தோர்க்கு அத்தகைய சீட்டு வாய்க்கவில்லை.

ஆயினும் கங்காணி முறையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. கங்காணி தன் சொந்த ஊருக்கே சென்று, உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டிக்கொண்டு வந்தார். ஆதலால் ஒரே தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தவராக இருந்தனர். நம் பாட்டனாரின் ஊர் மறந்துபோயிருந்தாலும், பக்கத்து வீட்டாரின் ஊர் தெரிந்தால் பாதி வழி தெரிந்ததாகும். பிறப்புப் பத்திரம், 1948-இல் அறிமுகமான அடையாள அட்டை, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, பழைய கடிதங்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே வைத்து ஒப்பிட வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர், லெட்சுமியா லெச்சுமியா என்று தாளுக்குத் தாள் மாறும் என்பதையும் மறக்கலாகாது.

இவற்றினும் உறுதியான சாட்சி குலதெய்வம். “உங்க ஊரு எதும்மா?” என்றால் விழிக்கும் மூதாட்டி, “எந்தச் சாமிக்கு முடி இறக்குவீங்க?” என்றதும் தயங்காமல் தெய்வத்தின் பெயரையும், சில வேளை கோயில் ஆற்றங்கரையில் இருந்ததா ஏரிக்கரையில் இருந்ததா என்பதையும் சொல்லிவிடுவார். அப்பெயரைப் பற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குச் சென்றால், பங்காளிகள் கூடும் கோயிலில் விசாரிக்கலாம். குடும்பத்துக்கு நிலம் இருந்திருப்பின் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேடும் துணைசெய்யும். அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில் இன்றைய நாகப்பட்டினமும் திருவாரூரும் அடங்கின; சேலம் ஜில்லாவில் நாமக்கல்லும் தருமபுரியும் அடங்கின. ஆகவே பழைய கடிதத்திலுள்ள ஜில்லாவை இன்றைய படத்தில் அப்படியே தேடுவது வீண் சிரமமாகும்.

1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்தது. அதற்கு முன் சிறுவராய் வந்தவர்களில் மிகச் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குச் சென்று மீளாதவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லறையும் இல்லை. குடும்பத்தாரின் ஞாபகமே அவர்களுக்கு எஞ்சிய சரித்திரம். வீட்டுப் பெரியவரின் எதிரே உட்கார்ந்து, அவர் சொல்லும் பெயர்களை முறைவைத்து இவ்வாரமே எழுதிக்கொள்வது, தஸ்தாவேஜுகளைத் தேடிப் புறப்படுவதற்கு முன் நாம் ஆற்றவேண்டிய முதற் கடமையாகும்.