தமிழ் மறவன் என்னும் வனப் பட்டாம்பூச்சி

மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் ஓடைக்கரைகளில் வளரும் நீரடிமுத்து மரம் (மரவெட்டி என்பதும் இதுவே) சில சமயங்களில் இலையெல்லாம் இழந்து, கிளைகளில் புழுக்கள் மொய்க்க நிற்பதுண்டு. அருகே காப்பி, ஏலம், பாக்கு முதலியவற்றைப் பயிரிட்டிருக்கும் மிராசுதாரர்கள் இப்புழு தங்கள் பயிருக்கும் பரவுமென அஞ்சி மருந்து தெளிக்கவோ, மரத்தையே வெட்டிவிடவோ முற்படுகின்றனர். இவ்வச்சம் ஆதாரமற்றது. இப்புழு நீரடிமுத்து இனத்து இலைகளையே தின்று வளர்வது. மேற்சொன்ன பயிர்களில் எதையும் தொடாது. மரமும் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும்.

புழுவை அடையாளங் காண்பது எளிது. கடலைப் பயிரை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்பூச்சிக்குள்ள அடர்ந்த ரோமம் இதற்கில்லை. உடலெங்கும் கிளைத்த முட்களே காணப்படும். தனித்திராமல் கூட்டமாகவே மேயும்.

இப்புழுவே பின்னர் தமிழ் மறவன் என்னும் பட்டாம்பூச்சியாகிறது. சிறகு விரிந்த நிலையில் இரண்டரை முதல் மூன்று அங்குல அகலமிருக்கும். மேற்புறம் காவி கலந்த ஆரஞ்சு வர்ணம், ஓரங்களில் கறுப்பு, பின்சிறகில் கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். சிறகை மூடி உட்காரும்போது அடிப்புறத்தில் குறுக்கே ஓடும் வெண்மையான பட்டை தெரியும். இதுவே நிச்சயமான அடையாளம். வயல்வெளிகளில் எங்கும் பறக்கும், எருக்கிலையில் புழு வளரும் பூச்சியும் ஆரஞ்சு வர்ணமுடையதே. ஆயினும் அதன் முன்சிறகு நுனிக் கறுப்பில் வெள்ளைப் பட்டையுண்டு. மறவனுக்கு அது இல்லை. மேலும் மறவன் நிழலும் ஈரமுமுள்ள வனத்தை விட்டு வெகுதூரம் வருவதில்லை. ஓடையோரத்து ஈர மணலில் பலவாகக் கூடியமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சுவதைக் காணலாம்.

தமிழ்நாடு அரசாங்கம் 2019-ஆம் வருஷத்தில் இதனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. ஆனால் புழுவுக்கு உணவாகும் மரம் போனால் பூச்சியும் அவ்விடத்தை விட்டுப் போய்விடும். நீரடிமுத்து மரமோ வீண் மரமன்று. 1940-களில் புதிய மருந்துகள் வருமுன் குஷ்டரோகத்திற்கு அதன் விதையெண்ணெயே முக்கிய சிகிச்சையாயிருந்தது. பிண்ணாக்கும் எருவாக உபயோகப்படும். அதன் வேர்களோ ஓடைக்கரை மண்ணை இறுகப் பிடித்து வைக்கின்றன.

ஆகவே தோட்டத்தை விஸ்தரிப்போர் ஓடையின் இருகரையிலும் இம்மரங்களை விட்டுவைப்பது நலம். ஆண் மரம், பெண் மரம் வெவ்வேறாதலால், காய்க்காத மரமென்று ஆண் மரங்களைக் கழித்துவிடலாகாது. ஓடைப் புறம்போக்கில் நிற்பவை சர்க்கார் மரங்களென்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், 1955-ஆம் வருஷத்திய மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் முன்னனுமதி பெறுதல் அவசியம்.