ஆஸ்பத்திரியில் பிறந்த விளையாட்டு விழா

தோட்டத்திலே ஒருத்தர் லோரி கவிழ்ந்தோ, ஏணியிலிருந்து விழுந்தோ முதுகெலும்பு முறிந்து வந்தால் நாம் என்ன செய்கிறோம்? “பாவம், இனிமே அவ்வளவுதான்” என்று பின்னறையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்துவிடுகிறோம். பாசத்தினால்தான். ஆனால் அந்தப் பாசமே ஆளைக் கொன்றுவிடும், தெரியுமா உங்களுக்கு?

அசையாமல் கிடந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். சிறுநீரில் கிருமி சேரும். அந்தக் காலத்தில் முதுகுத் தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனவை இந்த இரண்டும்தான். இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், இதை மாற்றிக் காட்டியவர் டாக்டர் லுட்விக் குட்மன். இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். அதோடு விடாமல் கையில் வில்லையும் கொடுத்தார்! 1948-ல் 16 பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்பு எய்தார்கள். வில்லை இழுத்தால் தோளும் முதுகும் உரம் பெறும். சாயாமல் உட்கார வரும். அங்கே விளையாட்டும் ஒரு மருந்து.

1960-ல் அங்கே போய் இதைக் கற்றவர் ஜப்பானிய எலும்பு வைத்தியர் யுத்தகா நகமுரா. ஊர் திரும்பி 1961-ல் ஒய்த்தாவில் ஊனமுற்றோருக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார். அவர்களை வேடிக்கைப் பொருளாக்குகிறார் என்று ஊர் ஏசியது. மனிதர் மசியவில்லை. 1964-ல் தோக்கியோ போட்டிக்கு வந்த வெளிநாட்டார் வேலையும் குடும்பமுமாக இருந்தார்கள். ஜப்பானியரோ பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வந்தவர்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. மறு வருஷமே பெப்புவில் அவர்களுக்கென்று தொழிற்கூடம் திறந்தார். 1975-ல் தூரக் கிழக்கு, தென் பசிபிக் நாட்டாரையெல்லாம் ஒய்த்தாவுக்கும் பெப்புவுக்கும் அழைத்தார். 18 நாடுகள், 973 பேர். அதுதான் முதல் பெஸ்பிக் விளையாட்டு.

1984-ல் நகமுரா காலமானார், விழா நிற்கவில்லை. சுரகார்த்தா முதலாக ஊர் ஊராகப் போய், கடைசியாக 2006-ல் நம் கோலாலம்பூருக்கே வந்தது. 46 நாட்டார் கூடிய இடம் எது தெரியுமா? புக்கிட் ஜாலில்! ஒரு காலத்தில் நம்மவர்கள் பால்மரம் வெட்டிய அதே தோட்டத்து மண். அதற்குப் பின் பெஸ்பிக் என்ற பெயர் போய், 2010-ல் குவாங்சோவில் ஆசிய பேரா விளையாட்டாகத் தொடர்ந்தது.

சரி, உங்க வீட்டு விஷயத்துக்கு வருவோம். படுத்திருப்பவரை இரவிலும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுங்க. நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிக்கொள்ளட்டும். தினமும் குளிக்கும்போது தோலைப் பாருங்க. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தாலும் வலிக்காது. சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடத்தில் பாரம் படவிடாமல் உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோங்க. வேலையில் அடிபட்டவருக்கு 2014-லிருந்து மலாக்காவில் பெர்கேசோ மறுவாழ்வு மையம் இருக்கிறது. பாரம் எழுதத் தெரியவில்லையா? சங்கக் கிளைக்கு வாங்க, உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.