'மற்றவை' என்று ஒரு தேர்வு

பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு தொழிற்சாலைக்குப் பழுதுகளைப் பதிவு செய்யும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன. மெஷின் நின்றால் டெக்னீஷியன் அதைச் சரிசெய்துவிட்டு, கணினியில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் 12 காரணங்கள், கடைசியில் 'மற்றவை'. அதற்குப் பக்கத்தில் எழுத இடம் வைக்கவில்லை. "எழுத விட்டா கண்டதையும் எழுதுவாங்க, ரிப்போர்ட் எடுக்க முடியாது" என்று வாதாடியது நான்தான்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'மற்றவை'. மீதியில் பெரும்பாலானவை பட்டியலில் முதலாவதாக இருந்த 'சென்சார் பழுது'. அதை நம்பி மேலாளர் சென்சார்களாக வாங்கிக் குவித்தார். பழுது குறையவில்லை. கடைசியில் ஒரு மூத்த டெக்னீஷியன் சொன்னார்: "சார், சென்சார் நல்லாத்தான் இருக்கு. மழைக்காலத்துல கனெக்டர்ல ஈரம் இறங்குது. துடைச்சு மாட்டினா ஓடிடும். இத உங்க லிஸ்ட்ல எங்க போடறது?" அந்த வருடமே அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் ஜெராக்ஸ் கதை. நம்ம ஊரில் ஜெராக்ஸ் என்றால் நகல். நான் சொல்வது அந்த அமெரிக்கக் கம்பெனியை. 1980களில் அதன் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் கூடவே போய் அவர்கள் வேலையைக் கவனித்தார். கம்பெனி கொடுத்த கையேட்டில் 'இது நடந்தால் இதைச் செய்' என்று வரிசையாக இருந்தது. ஆனால் கையேட்டில் இல்லாத பழுதுகளும் வந்துகொண்டே இருந்தன. அவற்றை அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகள் மூலமாகவே தீர்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டி அரட்டை. உண்மையில் அதுவும் வேலையின் ஒரு பகுதி. இதை ஓர் 1996இல் புத்தகமாகவே எழுதினார்.

1990களில் அதே மையத்தினர் 'யுரேகா' என்ற அமைப்பை உருவாக்கி, முதலில் பிரான்சில் சோதித்தார்கள். தான் கண்டுபிடித்த தீர்வை டெக்னீஷியனே எழுதி அனுப்புவார். அனுபவமுள்ளவர்கள் சரிபார்த்த பிறகு அது எல்லோருக்கும் போகும். எழுதியவர் பெயரும் கூடவே இருக்கும். குறிப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது டெக்னீஷியன்கள் அதை விரும்பவில்லை. பணம் வந்தால் தரம் போய் எண்ணிக்கைதான் மிஞ்சும். சக தொழிலாளிகள் பார்க்கும் இடத்தில் பெயர் இருந்தால் போதும் என்றார்கள்.

சரி, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன?

முதலாவது, 'மற்றவை' என்பது குப்பைத்தொட்டி இல்லை. நிறுவனத்துக்கு இன்னும் தெரியாத விஷயம் உள்ளே வரும் ஒரே வாசல் அதுதான். அங்கே எழுத இடம் வேண்டும், மாதம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து அதைப் படிக்கவும் வேண்டும். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்கு புரோகிராமரைக் கூப்பிட வேண்டியிருந்தால் அந்தப் பட்டியல் மாறவே மாறாது.

இரண்டாவது, கற்பதற்கான பதிவையும் ஆளை மதிப்பிடும் பதிவையும் கலக்கக் கூடாது. 'இவன் ஏன் இரண்டு மணி நேரம் எடுத்தான்' என்று அதே திரையை வைத்துக் கேள்வி கேட்டால், அடுத்த நாளிலிருந்து எல்லாமே 'சென்சார் பழுது'தான்.

மூன்றாவது, சரிபார்ப்பு. இதுக்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று கேட்கலாம். வேகத்துக்கு அது நல்லதுதான். ஆனால் போன வருஷம் சொன்னதைத் தேடி எடுப்பது கஷ்டம். எது சரி, எது வெறும் ஊகம் என்பதும் புதிதாகச் சேர்ந்தவருக்குப் புரியாது. மெஷின் மாறிய பிறகு பழைய குறிப்பை நீக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பில் இவற்றைச் சேர்த்தேன். முதல் குறிப்பு கனெக்டர் ஈரம். ஓய்வு பெற்றவரிடம் போனில் கேட்டு, அவர் பெயரிலேயே ஏற்றினோம். பேசும்போதே இன்னும் நாலு விஷயம் சொன்னார். அவருக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போனவர்களிடம் யாரும் கேட்கவில்லை.